இதான் சார் லாஸ்ட்டா?

வரிசையில் நிற்பது எப்படி என்று தமிழனுக்கு யாரும் டியூஷன் எடுக்க வேண்டியதில்லை. ரேஷன் கடையில் சர்க்கரைக்கு நின்றிருக்கிறோம். மண்ணெண்ணெய்க்கு நின்றிருக்கிறோம். நாம் நிற்க முடியாதபோது நம் சார்பில் பையை, கேனை, கடைசியில் ஒரு செங்கல்லைக்கூட நிற்க வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போக ரிசர்வேஷன் கவுன்ட்டர் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறோம். முதல் நாள் முதல் ஷோவுக்காகத் தியேட்டர் கம்பிக் கூண்டுக்குள் சட்டைப் பட்டன்களைத் தானம் செய்திருக்கிறோம்.

அதிலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் துறையில் டாக்டர் பட்டமே தரலாம். எனக்கு ஊர் மணவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் லோக்கலில் திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். கொஞ்சம் தள்ளிப் போனால் திருத்தணி மலையில் முருகன். அவரைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்தால் ஏழுமலையான். இரண்டு பேர் வாசலிலும் கூட்டத்துக்குக் குறைச்சல் கிடையாது. ஆடிக் கிருத்திகை அன்று, தோளில் புஷ்பக் காவடி ஆட வருகிறவர்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் பிடித்து மலை ஏறி இறங்கியவனை, உலகத்தில் வேறு எந்தக் கூட்டமும் அசைக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அசைத்துவிட்டது, ஒரு காமிக்ஸ் விழா!

'முப்பது வயசுக்கு மேல பொம்மைப் புஸ்தகமா?' என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. இருக்கட்டும். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அப்பா படித்து, சித்தப்பா படித்து, அட்டை கிழிந்து, நடுப்பக்கம் காணாமல் போன மாயாவிதான் என் கைக்கு வந்து சேர்ந்தார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் ஊரில் அப்போது கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. மாயாவி மணவூருக்கு வந்தால் அவசரத்துக்கு மறைய முடியாமல் மாட்டிக்கொள்வாரே என்று கவலைப்பட்டுத் தூங்காத ராத்திரிகள் உண்டு.

அந்தக் காலத்தில் காமிக்ஸ் படிக்கிறவன் தனி ஆள். கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்க வேண்டும். இன்று அவர்களுக்கென்று மாநாடே நடக்கிறது. அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்து ஓட்டல் ஒன்றில் 1970-ல் சில நூறு பேர் கூடி ஆரம்பித்த சமாசாரம் இப்போது 1,30,000 பேருக்கு மேல் வந்து போகும் திருவிழா. இந்தியாவில் 2011-ல் டெல்லியில் முதல் காமிக் கான் நடந்தது. சென்னைக்கு அது வந்தது 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில்.

உள்ளே என்ன இருக்கும்? புத்தக ஸ்டால், பொம்மை ஸ்டால், படம் வரைகிறவர்களின் கையெழுத்து, வீடியோ கேம், மேடைப் பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக காஸ்ப்ளே. அதாவது, நம் பள்ளிக்கூட ஆண்டு விழா மாறுவேடப் போட்டி. அங்கே ஒட்டு மீசை பாரதியாரும் கொடி பிடித்த பாரத மாதாவும் வருவார்கள். இங்கே பேட்மேனும் நருட்டோவும் வருவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். பாரதியார் வேஷத்துக்கு வாடகை கம்மி.

பெரிய விழாவைப் பார்த்து ஊருக்கு ஊர் குட்டி விழாக்களும் முளைத்துவிட்டன. நான் போனது அப்படி முளைத்த ஒன்றுக்கு. மேலே சொன்ன காமிக் கான் இல்லை. பெயர் வேண்டாம், இடமும் வேண்டாம். சம்பவம் மட்டும் போதும்.

என்னை இழுத்துக்கொண்டு போனவன் அக்கா பையன். ஏழாம் வகுப்பு. நருட்டோ வேஷம். ஆரஞ்சு கலர் சட்டை, அக்காவின் பழைய சுடிதாரிலிருந்து பிறந்தது. நெற்றியில் கட்டுகிற தகடு, இனிப்பு டப்பா அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டியது. காலை லோக்கலில் எதிர் சீட் பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னப்பா வேஷம் இது?"

"நிஞ்ஜா, தாத்தா."

"இஞ்சியா? எங்க விக்கப் போறீங்க? கொத்தவால்சாவடியா?"

பையன் என் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் கதவு திறப்பு என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. பத்தேகாலுக்கே போய்விட்டோம். வரிசை அதற்குள் மதில் சுவரைச் சுற்றி, டீக்கடையைத் தாண்டி, ஒரு முட்டுச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் நம் தேசிய கேள்வியைக் கேட்டேன்.

"இதான் சார் லாஸ்ட்டா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

நமக்குப் பின்னால் வந்தவர் நம்மைக் கேட்டார். நாமும் "அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றோம். இந்தப் பதிலையே அஸ்திவாரமாகப் போட்டு நூறு பேர் கொண்ட வரிசை எங்கள் பின்னால் எழும்பிவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து விஷயம் வெளியே வந்தது. டிக்கெட் வாங்குகிறவர்கள் வரிசையும், வாங்கியவர்கள் வரிசையும் வழியில் எங்கோ சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்றாகிவிட்டன!

வெயில் ஏறியது. எனக்கு முன்னால் பேட்மேன் கறுப்பு ரெக்சின் உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தார். ஸ்பைடர்மேன் முகமூடியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார. சூப்பர்மேன் டாய்லெட் எங்கே என்று டீக்கடைக்காரரை விசாரித்துக்கொண்டிருந்தார். உலகத்தைப் பல தடவை காப்பாற்றியவர்கள் அத்தனை பேர் இருந்தும் வரிசையை ஓர் அடி நகர்த்த ஆள் இல்லை. கரன்ட் கம்பியைத் தொட்டு மாயாவி மாதிரி மறைந்து, டிக்கெட் பிடித்த கை மட்டும் தெரிய உள்ளே போய்விடலாமா என்றுகூட யோசனை வந்தது.

டீ ஷர்ட் போட்ட ஒரு காலேஜ் பையன் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். வாலன்டியர்.

"தம்பி, எப்ப விடுவாங்க?"

"தெரியாது சார்."

"உள்ள எவ்வளவு பேர் இருக்காங்க?"

"அதுவும் தெரியாது சார். நானே இன்னும் உள்ள போகல சார்."

அவனைக் கோபித்து என்ன பிரயோஜனம்? அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்கும் சர்ட்டிஃபிகேட்டுக்கும் வேலை பார்க்க வந்த பையன்.

பன்னிரண்டரை இருக்கும். கேட்டுக்கு இருபது அடி தூரம். பின்னாலிருந்து ஒரு குரல்: "உள்ள ஃபுல்லாம்! இனிமே விட மாட்டாங்களாம்!" யார் சொன்னது, யாரிடம் கேட்டது, ஒன்றும் தெரியாது. அதே நேரம் கேட் கொஞ்சம் திறந்தது. அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் ஒரு தள்ளு தள்ளினார்கள். நடுவில் இருந்தவர்கள் தள்ளவில்லை, தள்ளப்பட்டார்கள். மூச்சை உள்ளே இழுக்க நெஞ்சில் இடம் இல்லை. என் இடுப்பு உயரத்திலிருந்து பையன் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

"மாமா, கால் தரையில இல்ல."

எப்படித் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. அக்குளில் கை கொடுத்து மேலே ஏற்றினேன். ஓரத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்த பேட்மேன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நான் பார்த்த ஒரே நிஜமான சூப்பர் ஹீரோ சீன் அது. இரண்டு நிமிஷத்தில் நெருக்கம் தளர்ந்துவிட்டது. ஒரு செருப்பு போனது, நெற்றித் தகடு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

உள்ளே போகும்போது மணி இரண்டே முக்கால். அங்கே போட்டோவுக்கு ஒரு வரிசை, கையெழுத்துக்கு ஒரு வரிசை, டோக்கன் வாங்க ஒரு வரிசை, டோக்கனைக் கொடுத்து ஃப்ரைட் ரைஸ் வாங்க இன்னொரு வரிசை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "சூப்பரா இருந்துச்சும்மா" என்றான் பையன். கால் தரையில் இல்லாத கதையை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள். அடுத்த வாரம் நான் எதுவும் எழுதவில்லை என்றால் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

நான் பி.காம். படித்தவன். தூக்கம் வராத ராத்திரியில் ஆடு எண்ண மாட்டேன், கணக்குப் போடுவேன். அன்றைக்குப் போட்ட கணக்கு இது. கேட்டில் ஒரு ஆளின் டிக்கெட்டைப் பார்த்து, பையைத் தடவி, கையில் பட்டை கட்டி அனுப்ப 12 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேட்டில் நிமிஷத்துக்கு 5 பேர், மணிக்கு 300 பேர். ஐந்து கேட் இருந்தால் மணிக்கு 1,500 பேர். பதினோரு மணிக்கு 6,000 பேர் வாசலில் நின்றால், கடைசி ஆள் உள்ளே போகும்போது மணி மூன்று. அவர் பார்க்க வந்த நிகழ்ச்சி பன்னிரண்டு மணிக்கே முடிந்து, மேடையில் நன்றியுரையும் சொல்லியாகிவிட்டது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆறாம் வகுப்பு வகுத்தல் போதும். டிக்கெட் விற்ற அன்றைக்கே இந்தக் கணக்கு தெரியும். 'ரெண்டு மணி வரைக்கும் ஆகும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தால் பாதிப் பேர் தள்ளி வந்திருப்பார்கள். காலை 11 மணிக்காரர்கள், 1 மணிக்காரர்கள் என்று டிக்கெட்டையே பிரித்து விற்றிருந்தால் இன்னும் உத்தமம். திருப்பதியில் எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்று டோக்கனில் போட்டுத் தருகிறார்களே, அது ராக்கெட் விஞ்ஞானமா என்ன?

'ஆடிக் கிருத்திகையில் இதைவிடப் பத்து மடங்கு கூட்டத்தில் ஏறினவனுக்கு இங்கே மட்டும் ஏன் வயிற்றைக் கலக்கியது?' என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் சுலபம். திருத்தணியில் படி 365. எத்தனை ஏறினோம், எத்தனை பாக்கி என்று குழந்தைக்கும் தெரியும். மேலே 'அரோகரா' சத்தம் கேட்கும். நகர்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் நாமும் நிற்போம். திருமலையில் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ் கூடத்தில் அடைத்து வைத்தாலும் உட்கார இடம் உண்டு, சாப்பாடும் பாலும் வரும். மணிக்கணக்கில் காக்க வேண்டும் என்பது தெரிந்தே போகிறோம். விழா வாசலில் எனக்கு அந்தத் தெரிதல் இல்லை.

1985-ல் டேவிட் மேஸ்டர் என்ற நிர்வாகவியல் பேராசிரியர் வரிசையில் நிற்பவர்களின் மனசைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சாரம் இவ்வளவுதான்: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத காத்திருப்பு, சொன்னதைவிட நீளம். அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பு, நியாயமானதைவிட நீளம். எங்கள் ரயில்வே ஸ்டேஷனில் இதை அனுதினமும் பார்க்கலாம். 'வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வரும்' என்று ஒலிபெருக்கி சொன்னால் ஆள் டீ குடிக்கப் போவான். சொல்லாவிட்டால் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

எட்டிப் பார்ப்பதோடு போனால் பரவாயில்லை. தகவல் இல்லாத கூட்டம் உயிரையும் வாங்கும். 2025 ஜனவரி 8-ம் தேதி திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் 6 பேர் இறந்தார்கள். உடம்பு முடியாத ஒரு பெண்ணை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்தபோது, டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து ஜனங்கள் முன்னால் பாய்ந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. கதவு எதற்காகத் திறக்கிறது என்பது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

2022 அக்டோபர் 29-ம் தேதி தென் கொரியாவின் சியோல் நகரத்தில், இதேவான் என்ற இடத்தில், ஹாலோவீன் வேஷம் போட்டுக்கொண்டு கூடிய இளைஞர் கூட்டம் ஒரு சின்னச் சந்தில் சிக்கியது. 159 பேர் போனார்கள். நெரிசல் என்று போலீஸுக்கு முதல் போன் வந்தது சாயங்காலம் 6.34-க்கு. விபத்து நடந்தது அதற்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் கழித்து. சந்தின் இரண்டு முனையிலும் இருந்தவர்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

'மிதிபட்டுச் சாவு' என்று நாம் பேப்பரில் படிக்கிறோம். பல சமயம் யாரும் யாரையும் மிதிப்பதில்லை என்கிறார்கள் கூட்டத்தை ஆராய்கிறவர்கள். ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் வரை சமாளிக்கலாம். ஐந்து, ஆறு என்று போகும்போது ஆள் தன் இஷ்டப்படி நகர முடியாது. தண்ணீர் மாதிரி கூட்டம்தான் அவனை நகர்த்தும். நின்ற இடத்திலேயே நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு முட்டும். பின்னால் இருப்பவன் வில்லன் இல்லை. அவன் லேசாகத்தான் தள்ளுகிறான். அந்த லேசு, நூறு பேர் வழியாக வந்து சேரும்போது, முன்னால் இருப்பவனுக்கு லாரி.

காமிக்ஸ் விழாக்களும் இந்தப் பாடத்தைப் படித்துத்தான் வளர்ந்தன. 2006-ல் நியூயார்க்கில் முதல் காமிக் கான் நடந்தபோது சனிக்கிழமை வந்த கூட்டத்தைப் பார்த்துத் தீயணைப்பு அதிகாரிகள் வாசலையே அடைத்துவிட்டார்கள். டிக்கெட் வைத்திருந்தவர்களும் வெளியே! அடுத்த வருஷம் இடத்தை இரண்டு மடங்காக்கி, டிக்கெட் விற்பனைக்கும் கடிவாளம் போட்டார்கள். சான் டியாகோவில் 'ஹால் ஹெச்' என்று ஒரு மண்டபம். சுமார் 6,500 இருக்கை. நட்சத்திரங்கள் வருவார்கள் என்பதால் முந்தின ராத்திரியே வந்து பாயைப் போடுவார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபத்தைக் காலி செய்கிற வழக்கம் கிடையாது. சாயங்கால நிகழ்ச்சிக்கு இடம் வேண்டுமா? காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் உட்கார வேண்டியதுதான். பட்டிமன்றத்துக்கு முதல் வரிசை பிடிக்க, வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு அத்தனையும் சகித்துக்கொண்டு உட்காருவோமே, அதே தியாகம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான்காரர்கள் வழி. டோக்கியோவில் 'காமிக்கெட்' என்று ஒரு சந்தை. 1975 டிசம்பரில் 32 குழுக்கள், சுமார் 700 பேர் என்று ஆரம்பித்தது. 2019 டிசம்பரில் நாலு நாளில் ஏழரை லட்சம் வருகை! அங்கே கூட்டம் சேரும் ஸ்டால்களில் ஒரு ஏற்பாடு. வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் ஒரு பலகை இருக்கும். 'வரிசையின் கடைசி இங்கே' என்று எழுதியிருக்கும். அடுத்து வருகிறவர் பலகையை வாங்கிக்கொண்டு பின்னால் நிற்பார். அவருக்கு அடுத்தவர் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வார். போலீஸ் இல்லை, லத்தி இல்லை, மைக் இல்லை. 'இதான் சார் லாஸ்ட்டா?' என்ற கேள்வியே அங்கே பிறக்காது. ஏழரை லட்சம் பேரை ஒழுங்காக நிற்க வைக்கிற காரியத்தில் ஒரு மரப் பலகைக்கும் பங்கு இருக்கிறது என்றால் பாருங்கள்!

'நம்ம ஆளுங்க பலகையையே எடுத்துட்டுப் போயிடுவாங்க சார்' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. திருத்தணி மலையில் காவடிக்காரருக்கு வழி விடுவது யார்? நம்ம ஆளுங்கதான். தெரியாத பிள்ளையைத் தடுப்புக்கு மேலே கை நீட்டி வாங்கின பேட்மேன் யார்? அவரும் நம்ம ஆள்தான். எது வரிசை, எவ்வளவு நேரம் என்று சொன்னால் நிற்கத் தெரிந்த ஜனம் இது. சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு 'ஒழுக்கம் இல்லை' என்று நம் மேல் பழி போடுவது அக்கிரமம்.

இப்போது காமர்ஸ்காரனாக ஒரு வார்த்தை. அக்கவுன்ட்ஸில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள்: சரக்கு கொடுப்பதற்கு முன்னால் வாங்கின பணம் வருமானம் ஆகாது. அது பொறுப்புப் பக்கம் எழுத வேண்டிய கடன். டிக்கெட் விற்ற பணமும் அப்படித்தான். நாம் உள்ளே போய், நின்று, மூச்சு விட்டு, பார்த்துவிட்டு வெளியே வரும் வரை அது அவர்கள் நமக்குப் பட்ட கடன். மண்டபம் கொள்ளாத அளவுக்கு டிக்கெட் விற்பது, பாங்கில் இல்லாத பணத்துக்குச் செக் கொடுப்பது மாதிரி. 'ஹவுஸ்ஃபுல்! அமோக வரவேற்பு!' என்று மறுநாள் விளம்பரம் கொடுப்பது, செக் திரும்பி வந்ததைக் கொண்டாடுவது மாதிரி.

2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னைப் புறநகர் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி ஞாபகம் இருக்கும். டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்டுக்கொண்டார். எல்லா விழாவிலும் ரஹ்மான் இருக்க மாட்டார். ஆனால் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சொன்னதைக் கொடுக்காவிட்டால் அது 'சேவைக் குறைபாடு'. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், ஆன்லைனிலும் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. டிக்கெட்டையும், வரிசையில் எடுத்த போட்டோவையும், மணியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அதற்காக இனிமேல் எந்த விழாவுக்கும் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. போங்கள். ஆபீஸில் ஆறு நாள் மேனேஜர் முகத்தைப் பார்த்தவனுக்கு ஏழாவது நாள் மாயாவி முகம் தேவைப்படுகிறது. சில விஷயங்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நின்றதும் ஐந்து நிமிஷத்தில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். 40 பேர் போனார்கள், உங்களுக்கு முன்னால் குத்துமதிப்பாக 480 பேர் என்றால், ஒரு மணி நேரம். அமைப்பாளர் சொல்லாததை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள். பாதிக் கோபம் குறைந்துவிடும்.

மூக்கு அரித்தால் கையைத் தூக்கிச் சொறிய முடிகிறதா? முடிந்தால் நில்லுங்கள். முடியவில்லை என்றால் டிக்கெட் விலையை மறந்துவிட்டு ஓரமாக வெளியே வந்துவிடுங்கள். நெரிசல் வந்தேவிட்டால், குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்; மூச்சுக்கு இடம் கிடைக்கும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ள வேண்டாம். தள்ளு ஓயும் நேரம் பார்த்துக் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்தது செல்போனாக இருந்தாலும் சரி, குனியாதீர்கள். குழந்தை கூட இருந்தால் கேட்டை நெருங்கும்போது ஓரத்துப் பக்கமாகவே நில்லுங்கள்.

அமைப்பாளர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஐந்து நட்சத்திர விருந்தாளி வேண்டாம், லேசர் வேண்டாம், வானத்தில் வெடி வேண்டாம். வரிசையின் கடைசியில் 'கடைசி இங்கே, இங்கிருந்து கேட்டுக்கு இவ்வளவு நேரம்' என்று எழுதி ஒரு பலகை மட்டும் கொடுங்கள். ஒரு வாலன்டியர் தம்பிக்கு ஒரு சாக்பீஸும், உள்ளே என்ன நிலவரம் என்று அரை மணிக்கு ஒரு தடவை ஒரு போனும். மரம், ஆணி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து மிஞ்சிப்போனால் முந்நூறு ரூபாய் ஆகும். 'விளம்பரச் செலவு' என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆடிட்டர் ஒன்றும் கேட்க மாட்டார்.

கேட்டால் அவரையும் ஒரு நாள் வரிசையில் நிற்க வையுங்கள்.